அழகுக் குறிப்போடு இதையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வார இணைப்பில் வரும் அழகுக் குறிப்புகளை எங்கள் தெருப் பெண்கள் விரும்பிப் படிக்கிறார்கள். படிப்பதோடு நிற்பதில்லை, மறுநாளே செய்தும் பார்க்கிறார்கள். அண்மையில் வந்த ஒரு பக்கத்தில் பருவுக்குப் பற்பசை, கரும்புள்ளிக்குப் பேக்கிங் சோடா, நிறம் கூட எலுமிச்சைச் சாறு என்று மூன்றும் அடுத்தடுத்து இருந்தன. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமான கடிதம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். தோல் பிரிவுச் சீட்டுகளுக்கு மருந்து கொடுக்கும் ஜன்னலில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. டாக்டரிடம் சொல்லாததையும் மருந்து கொடுக்கிறவரிடம் சனங்கள் சொல்வார்கள். வீட்டில் என்னென்ன தடவினோம், பக்கத்து வீட்டு மதினி என்ன சொன்னாள், மெடிக்கலில் எந்த ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். நான் எழுதுவது அதை வைத்துத்தான்.

வீட்டு வைத்தியமே கூடாது என்கிற கட்சி நான் இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் குளிக்கப் பாசிப்பயறு மாவுதான். ஒரு கிலோ பாசிப்பயறுக்குக் கால் கிலோ கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் இவை வகைக்கு 100 கிராம், வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் 50 கிராம். இதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. எல்லாவற்றையும் நன்றாகக் காயவைத்து மில்லுக்கு எடுத்துப் போக வேண்டும். போகும்போது ஒரு படி பச்சரிசியும் கையில் இருக்கட்டும். மிளகாய் வற்றல் அரைத்த கையோடு நம் மாவைப் போட்டுவிட்டால் அப்புறம் முகம் எரிகிற எரிச்சலுக்கு மருந்து தேட வேண்டியதுதான். முதலில் அரிசியை விட்டு ஓட்டிக் கல்லைச் சுத்தம் செய்த பிறகுதான் மாவு. வீட்டுக்கு வந்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் இதை வஸ்திரகாயம் என்பார்கள். துணியில் இறங்கிய மாவு மட்டும்தான் முகத்துக்கு. மேலே நிற்கும் திப்பி கால் பாதத்துக்கும் முழங்கைக்கும் போதும்.

உங்கள் பக்கத்துக் குறிப்புகளில் விட்டுப்போவது இந்தச் சலிக்கிற வேலைதான். "பாசிப்பயறு மாவை முகத்தில் தேய்த்துக் குளியுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிய கரகரப்பான மாவைப் பரு உள்ள கன்னத்தில் போட்டுத் தேய்த்தால் பரு உடையும், தோல் உராயும். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் ஒரு குணம் உண்டு. எங்கே காயமோ உராய்வோ பட்டாலும் ஆறும்போது அந்த இடம் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும். முகம் தெளிய வேண்டும் என்று தேய்க்கிறவர்களுக்குத் தேய்த்ததாலேயே முகம் கறுக்கிறது. பயறு மாவுக்குத் தேய்ப்பே தேவையில்லை. பயறில் உள்ள சப்போனின் என்கிற பொருள் தண்ணீர் பட்டதும் லேசாக நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் தானே எடுத்துவிடும். குழைத்துப் பூசி, விரல் நுனியால் மெல்லச் சுற்றி, உடனே கழுவினால் போதும்.

மாவில் போடும் சாமான்களிலும் கவனம் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் "குளியல் மாவுச் சாமான் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பல இடங்களில் கார்போக அரிசியையும் சேர்த்துக் கட்டித் தருகிறார்கள். கறுப்பாகச் சின்னதாக இருக்கும் விதை. அதில் சோரலின் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளிக்குச் சோரலின் கொடுத்து அளவோடு புற ஊதாக் கதிரைக் காட்டுவது டாக்டர்கள் செய்கிற சிகிச்சை. வெயில் பட்டால் தோலைச் சிவக்கவைப்பதும் கறுக்கவைப்பதும்தான் அதன் வேலை. அதை முகத்தில் பூசிக் குளித்துவிட்டு நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் என்ன ஆகும்? வெண்புள்ளிக்கு வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டிய சரக்கு அது, தினமும் குளிக்கிற மாவில் அதற்கு வேலை இல்லை. கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டாலும் வேறு கிழங்கைக் கொடுத்துவிடுகிற கடைகள் இருக்கின்றன. அசல் கஸ்தூரி மஞ்சள் சமையல் மஞ்சளைப் போல அடர்ந்த நிறத்தில் இருக்காது. வெளிறித்தான் இருக்கும், முகர்ந்தால் கற்பூரம் கலந்தாற்போல வாசனை வரும், முகத்தில் கறை நிற்காது. பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்குவது நல்லது. பொடி மஞ்சளில் பளிச்சென்ற நிறத்துக்காக லெட் குரோமேட் கலப்பது உணவுக் கலப்படத்தில் தெரிந்த கதை. அது ஈயம். வாய்க்கும் ஆகாது, முகத்துக்கும் ஆகாது.

இனி எலுமிச்சை. தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே லேசான அமிலத் தன்மை உடையது. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவில் 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கத்தில். இந்த அளவில் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று கணக்கு. அப்படியானால் எலுமிச்சைச் சாறு தோலைவிடப் பல நூறு மடங்கு புளிப்பு. அது போதாதென்று எலுமிச்சைச் சாற்றிலும் தோலிலும் ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. மேலே சொன்ன சோரலினும் இந்த இனம்தான். இது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து கொப்பளிக்கும், பிறகு கறுத்துவிடும். ஜூஸ் கடையில் நாள் முழுக்கப் பழம் பிழிகிறவர்களின் புறங்கையைப் பாருங்கள். சாறு வழிந்த இடமெல்லாம் கோடு கோடாகக் கறுத்திருப்பதைச் சிலரிடம் காணலாம். அதே சாற்றை நிறம் கூட என்று கன்னத்தில் பூசச் சொல்வது எந்த நியாயம்?

பேக்கிங் சோடா இதற்கு நேர் எதிர்ப்பக்கம், காரம். தோலின் மேல் உள்ள பாதுகாப்புப் படலத்தைக் குலைத்துவிடும். பற்பசை பல்லுக்கானது. அதில் உள்ள நுரைக்கும் பொருளும் புதினாச் சத்தும் பருவைக் காயவைப்பதுபோலத் தோன்றும், சுற்றியுள்ள தோலைப் புண்ணாக்கும். படர்தாமரைக்குப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் கொப்பளத்தோடு வந்தவர்களையும், மருவுக்கு எருக்கம்பால் வைத்துக் கண்வரைக்கும் வீங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இவற்றையெல்லாம் இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பத்திரிகையும் போடக்கூடாது.

சோற்றுக்கற்றாழை நல்ல சரக்கு. ஆனால் மடலை வெட்டிய உடனே மஞ்சளாக ஒரு பால் வடியும், அதுதான் அரிப்பைக் கிளப்புவது. வெட்டின மடலை ஒரு டம்ளரில் செங்குத்தாக நிறுத்திவைத்து அந்தப் பாலை வடியவிட வேண்டும். பிறகு தோலைச் சீவி உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் அலசச் சொல்வார்கள் நம் பெரியவர்கள். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. வெயிலில் காந்திப்போன முகத்துக்கு இப்படி அலசிய கற்றாழைச் சோறு இதமாக இருக்கும். எதை முதல்முறை பூசினாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம் என்ற வரியையும் ஒவ்வொரு குறிப்பின் கீழேயும் சேர்த்தால் புண்ணியமாகப் போகும்.

பருவைப் பற்றி வருகிற குறிப்புகளில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. பரு வருவது அழுக்கால் என்ற எண்ணத்திலேயே எழுதுகிறார்கள். வயது வரும்போது சுரப்பு மாறுகிறது, தோலடியில் எண்ணெய்ச் சுரப்பி அதிகம் வேலை செய்கிறது, துவாரம் அடைபடுகிறது, அங்கே கிருமி பெருகிச் சீழ் கட்டுகிறது. இது உள்ளே நடக்கிற விஷயம். நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போட்டாலும் நிற்காது, தோல்தான் வறளும். காலையில் ஒரு முறை, மாலையில் வேலை முடிந்து வந்ததும் ஒரு முறை, வியர்த்துக் கொட்டினால் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. அவ்வளவு போதும். எங்கள் கரிசல் பக்கத்தில் போர்த் தண்ணீர் உப்பு. சோப்பு சரியாக நுரைக்காது, போட்டதும் முழுதாகப் போகாமல் பிசுபிசுவென்று ஒட்டி நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் கடைசி ஒரு சொம்பு மட்டுமாவது நல்ல தண்ணீரில் முகத்தைக் கழுவினால் இழுத்துப் பிடித்தாற்போன்ற வறட்சி குறைவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தால் பரு போய்விடும் என்றும் வருகிறது. இந்த வெக்கைக்குத் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், சிறுநீரகத்துக்கு நல்லது. பருவை அது போக்காது.

பரு தானாகவே எழும்பி ஓரிரு வாரத்தில் தானாகவே அமுங்கும். அந்த நேரத்தில் அதன்மேல் எதைத் தடவியிருந்தாலும் அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. "எனக்குக் கேட்டுச்சு" என்று ஒருத்தி சொல்வாள், நான்கு பேர் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர் எழுதித் தரும் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற களிம்புகளுக்கே பலன் தெரிய ஆறு வாரம் முதல் எட்டு வாரம் ஆகும். சீட்டு வாங்கிப்போகிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பத்து நாளில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடாதே, முகம் லேசாக உரிந்தால் பயப்படாதே, இரவில் மட்டும் போடு, கிள்ளாதே. கிள்ளினால் பள்ளமும் தழும்பும் அதிகம் விழும்.

நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு உள்ள பிள்ளைகளைப் பார்த்தால் தலையைப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று எந்தத் தாயும் ஒத்துக்கொள்ள மாட்டாள், நானும் சொல்லவில்லை. குளிக்கப் போகிறதற்கு முன்னால் தேய்த்து அலசிவிடலாம். காலையில் வழிய வழியத் தேய்த்து இரட்டைச் சடை போட்டு அனுப்புவதும், அதோடு படுத்துத் தலையணை உறையெல்லாம் எண்ணெயாகி மறுபடி கன்னத்தில் ஒட்டுவதும்தான் தொல்லை. உறையை வாரம் இரண்டு முறை மாற்றுங்கள். துண்டை ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேமல் உள்ளவர்கள் அதன்மேல் எண்ணெய் தடவவே கூடாது. தேமல் ஒருவகைப் பூஞ்சை, எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் அது வளர்கிறது.

கழுத்துக் கறுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருக்கும். "கழுத்தைத் தேய்ச்சுக் குளி" என்று அந்தப் பிள்ளைகளை வீட்டில் திட்டுவார்கள். எலுமிச்சை மூடியில் சர்க்கரை தொட்டுத் தேய்க்கச் சொல்லிக் குறிப்பும் வருகிறது. அது அழுக்கே இல்லை, ஐயா. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் காட்டும் அடையாளம் அது. உடம்பு பருமனானவர்களிடமும், சர்க்கரை நோய் வரப்போகிறவர்களிடமும், மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து முகத்தில் முடியும் பருவும் கூடுகிற பெண்களிடமும் அதிகம் பார்க்கலாம். அந்தக் கழுத்துக்குத் தேவை ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதும், எடையைக் குறைப்பதும், ராத்திரி பரோட்டாவை விடுவதும். எடை குறையக் குறைய அந்தக் கறுப்பும் வெளிறும். திட்டு வாங்கிக்கொண்டு கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

பிள்ளை பெற்ற பிறகு கன்னத்திலும் மூக்கின் மேலும் வரும் மங்கு என்ற கறுந்திட்டுக்கு வீட்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய வைத்தியம் குடை. சந்தனம், தயிர், உருளைக்கிழங்குச் சாறு எதைப் பூசினாலும் சரி, வெயிலை மறைக்காமல் மங்கு போகாது. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று, நான்கு மணிவரை வெளியே போனால் குடையோ முந்தானையோ முகத்துக்கு மேல் இருக்கட்டும். வாங்க முடிந்தவர்கள் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடலாம். அதிலும் லேசாகத் தோல் நிறம் கலந்த வகையில் இரும்பு ஆக்சைடு இருக்கும், மங்குக்கு அது கூடுதலாக உதவும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். மிளகளவு எடுத்துத் தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. ஆண்களுக்கும் இதே கதைதான்.

இவ்வளவும் சொன்னது இனிச் சொல்லப்போவதற்காகத்தான். எலுமிச்சையும் சோடாவும் போட்டுப் பார்த்து முகம் இன்னும் மோசமானதும் நம் பெண்கள் எங்கே போகிறார்கள்? தோல் டாக்டரிடம் இல்லை, தெருமுனை மெடிக்கலுக்கு.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் ஒருநாள் என் ஜன்னலுக்கு வந்தாள். சீட்டு இல்லை. கையில் ஒரு ட்யூப். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசித் துளிவரை பிதுக்கியிருந்தாள். "அக்கா, இது இங்க ஃப்ரீயா கிடைக்குமா?" என்று கேட்டாள். முகத்தைப் பார்த்தேன். இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. பக்கத்தில் வரச்சொல்லிப் பார்த்தால் நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரிந்தன, தோல் அவ்வளவு மெலிந்திருந்தது. காதோரத்தில் இருந்து தாடைவரை பூனைமுடி. அதற்கிடையில் பொடிப் பருக்கள். கல்யாணம் நிச்சயம் ஆனபோது மெடிக்கலில் முகம் வெளுக்க என்று கேட்டு வாங்கியதாம். முதல் மாதம் முகம் பளபளவென்று வந்ததாம். "இப்ப போடாம விட்டா எரியுதுக்கா, அடுப்புப் பக்கம் நிக்க முடியல. போட்டா அடங்கிருது." ட்யூபின் பின்புறம் பொடி எழுத்தில் மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் என்று மூன்று பெயர். முதலாவது ஸ்டீராய்டு.

அவளை நேராகத் தோல் பிரிவுக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினேன். அந்தக் கலவையை மங்குக்கு டாக்டர்களே எழுதுவது உண்டு. சில வாரத்துக்கு, அவர்கள் கண்காணிப்பில், இரவில் மட்டும். நல்லா இருக்கிற முகத்துக்கு அழகுக் கிரீமாகப் போடுவதற்கில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

ஸ்டீராய்டு களிம்பு செய்கிற வேலை இதுதான்: ரத்தக் குழாயைச் சுருக்கும், அதனால் சிவப்பும் வீக்கமும் உடனே அடங்கி முகம் வெளுத்தாற்போல் தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், பரு கிளம்பும், முடி வளரும், வெயில் தாங்காது. நிறுத்தினால் எரிச்சலோடு முன்பைவிட மோசமாகச் சிவக்கும், அதனால் மறுபடி போடத் தோன்றும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே தனிப்பெயர் வைத்து எழுதும் அளவுக்கு நம் நாட்டில் இது பெருகியிருக்கிறது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தாங்களாகவே திடீரென்று நிறுத்தித் தவிக்காமல் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர்கள் படிப்படியாக மீட்டுக் கொண்டுவருவார்கள். படர்தாமரைக்கு மெடிக்கலில் தரும் கலவைக் களிம்புகளிலும் இதே ஸ்டீராய்டு உண்டு. அரிப்பு ஒரே நாளில் நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும், ஒருவரிடமிருந்து வீடு முழுக்க ஒட்டும்.

2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் எந்த ஊரிலும் போய்ப் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கிற கடை ஒன்றாவது இருக்கத்தான் செய்கிறது. நேர்மையாகத் தொழில் செய்யும் மருந்தாளுநர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சீட்டு கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார் என்று அவர்களும் வருத்தப்படுகிறார்கள். ஆகவே வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன், பெக்லோமெத்தசோன். இந்தப் பெயர்களில் ஒன்று ட்யூபில் இருந்தால் அது அழகு சாதனம் அல்ல, மருந்து.

பெயரே இல்லாமல் சின்ன டப்பியில், வெளிநாட்டு எழுத்தோடு, பியூட்டி பார்லரிலும் ஃபேன்சி கடையிலும் விற்கும் கிரீம்கள் இன்னும் கெடுதல். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் ஒழுகிக் கால் வீங்கி வந்தவர்களை விசாரித்த சிறுநீரக மருத்துவர்கள், அவர்களில் பலர் முகம் வெளுக்கும் கிரீம் போட்டுவந்ததைக் கண்டுபிடித்தார்கள். குற்றவாளி பாதரசம். பாதரசம் தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும், கூடவே உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இப்படிப்பட்ட கிரீம்களைப் பிடிக்கக் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாகச் சோதனை போட்டது. நம் மாநிலத்திலும் அதுபோல ஒன்று நடக்க வேண்டும். உங்கள் நிருபர்கள் நான்கு ஊரில் விசாரித்து எழுதினால் நடக்கும்.

இந்த எல்லாத் தொல்லைக்கும் அடியில் இருப்பது நிறம். தெளிவான தோல் என்றால் வெள்ளைத் தோல் என்று ஆகிவிட்டது. கறுத்த தோலில் பருவும் படையும் இல்லாமல், வறண்டு வெடிக்காமல், தொட்டால் வழுவழுப்பாக இருந்தால் அதுதான் தெளிவான தோல். அதில் உள்ள மெலனின் நம் வெயிலுக்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பு. 2014-இலேயே இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு, கறுப்பானவர்களைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரம் கூடாது என்று விதி வகுத்தது. 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யே தன் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. நம் மகளிர் பக்கத்தில் மட்டும் "ஏழே நாளில் நிறம் கூட" என்ற தலைப்பு ஏன் இன்னும் வருகிறது? அந்தத் தலைப்பைப் படிக்கும் பதினாறு வயதுப் பெண் தன் தோலில் ஏதோ குறை இருப்பதாக நம்பித்தான் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். அடுத்து அவள் மெடிக்கலுக்குப் போவாள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். குறிப்புகளை நிறுத்த வேண்டாம். போடுகிறவற்றை ஒரு தோல் மருத்துவரிடமோ அரசு சித்த மருத்துவரிடமோ காட்டிவிட்டுப் போடுங்கள். நிறம் கூட என்ற தலைப்பை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன ஸ்டீராய்டு பெயர்களை ஒரு கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் ஒரு முறையாவது வெளியிடுங்கள்.

இன்னொன்று. தேமல் என்று நினைத்து எதையாவது தடவிக்கொண்டே இருக்கிறவர்களுக்காக இந்த இரண்டு வரியையும் அந்தக் கட்டத்தில் சேர்க்க முடியுமா? வெளிறின அல்லது சிவந்த படை உடம்பில் எங்கே இருந்தாலும், அதன்மேல் பேனா முனையால் லேசாகத் தொட்டால் உணர்ச்சி இல்லை, சூடும் தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம், கூட்டு மருந்து இலவசம், நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர்,
கோவில்பட்டி.